நாமே கட்டும் டாங்க்குக்கு எந்தத் திரி? பஞ்சு முதல் எஃகு வலை வரை ஓர் ஒப்பீடு

"காயில் ஒழுங்காகத்தான் சுற்றினேன். மின்தடையின் ஓம் அளவும் சரியாகவே காட்டுகிறது. ஆனால் நான்காவது இழுப்பிலேயே தொண்டை கருகுகிறது. பஞ்சை மாற்றட்டுமா, ரேயானுக்குப் போகட்டுமா?" பிரிட்டனிலும் கனடாவிலும் இருக்கும் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை (மின் சிகரெட்டுகளை) விற்கத் தடை வந்த பிறகு, சூடேறும் கம்பிச் சுருளான காயிலையும் அதற்குத் திரவம் ஊட்டும் திரியையும் தாங்களே மாற்றிக்கொள்ளும் டாங்க்குகளை (திரவக் கலங்களை) முதன்முறையாகக் கையில் எடுத்தவர்கள் பலர். அவர்களுக்குக் காயில் சுற்றுவது சீக்கிரம் பழகிவிடுகிறது. திரிதான் அவர்களைத் திணறடிக்கிறது.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். இது சிகரெட்டை விட்டுவிட்டு வேப்பிங்குக்கு மாறிய பெரியவர்களுக்கான கட்டுரை. புகைப் பழக்கமே இல்லாதவர் இதைத் தொட வேண்டாம். நிகோட்டின் ஒருமுறை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. அடுத்தது சட்டம். மின் சிகரெட்டுகளைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விற்பனைக்காக இருப்பு வைப்பது எல்லாவற்றையும் இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து இக்கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் புறப்படும்போது டாங்க், பேட்டரி, திரவம் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது?

டாங்க்கில் இருக்கும் திரவத்தைக் காயிலுக்குக் கொண்டு சேர்ப்பது திரியின் வேலை. தேவைக்கு மேல் போகாமல் தடுப்பதும் அதே திரியின் வேலைதான். இந்த இரண்டாவது பாதியைப் பலர் நினைப்பதில்லை. தொழிற்சாலைக் காயிலில் திரவம் நுழையும் துளையின் அளவை நிறுவனம் தீர்மானித்துவிடுகிறது. நாமே கட்டும் டாங்க்கில், காயிலுக்கு வெளியே இருபுறமும் நீளும் திரியின் இரு வால்களும்தான் திரவ வாய்க்காலின் மடை. அந்த மடையை எவ்வளவு திறப்பது என்பதை உங்கள் கத்தரிக்கோல் தீர்மானிக்கிறது. ஆகவே கடையில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பொருள் பாதிதான். மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. எனவே உங்கள் கைத் தவறை எந்தத் திரி பொறுத்துக்கொள்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்த அளவுகோல் திரவம் ஏறும் வேகம். ஓர் இழுப்பில் ஆவியாகிப் போனதை அடுத்த இழுப்பு தொடங்குவதற்குள் திரி நிரப்பிவிட வேண்டும். திரவத்தின் இரண்டு முக்கியப் பொருள்களில் கிளிசரின் கெட்டியானது, மெதுவாக ஏறும். புரோப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது, சட்டென்று ஏறும். இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த திரவத்தில் நன்றாக வேலை செய்யும் திரி, கிளிசரின் 70 விழுக்காடு இருக்கும் திரவத்தில் மூச்சுத் திணறும். பனிக்காலத்தில் டொராண்டோ பஸ் நிறுத்தத்தில் நின்று இழுத்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் குளிரில் கிளிசரின் மேலும் இறுகிவிடும்.

மூன்றாவது, வறண்டால் என்ன ஆகிறது என்பது. இதைச் சுவை சம்பந்தப்பட்ட சிறு தொல்லை என்று நினைத்துவிடக் கூடாது. திரி நனைந்திருக்கும் வரை காயிலின் வெப்பம் திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். புரோப்பிலீன் கிளைக்காலுக்கு அது 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுக்கு 290. திரவம் தீர்ந்துவிட்டால் வெப்பத்தை உறிஞ்ச எதுவும் இல்லை. கம்பி மளமளவென்று சூடேறும். பஞ்சு கருகும். எஞ்சியிருக்கும் துளித் திரவம் ஆவியாகாமல் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளாக மாறும். சிகரெட்டை எதற்காக விட்டோமோ அந்தப் பொருள்களில் சிலவற்றை நாமே திரும்ப அழைத்துக்கொள்வது போல ஆகிவிடும். "கொஞ்சம் கருகினால் என்ன, இந்த டாங்க் தீரும்வரை ஓட்டிவிடலாம்" என்று யாரும் நினைக்கக் கூடாது.

சுவை நான்காவது. செலவு ஐந்தாவது. செலவு என்றால் திரியின் விலை மட்டும் இல்லை. ஒழுகிப்போகும் திரவமும் உங்கள் நேரமும் அதில் சேரும். பிரிட்டனில் 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி. திரவத்துக்கு 2.20 பவுண்டு வரி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வரிதான். சட்டப்படி டாங்க்கின் கொள்ளளவு அதிகபட்சம் 2 மி.லி.; அது முழுவதும் சட்டைப் பையில் ஒழுகினால் வரி மட்டுமே 44 பென்ஸ் போகும். இதுவரை யாரும் கணக்கில் எடுக்காத ஒழுகல் இனி பட்ஜெட்டில் வந்து உட்காரும்.

## எல்லாத் திரிக்கும் ஒரே சோதனை

திரிகளை ஒப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, காயிலையும் திரவத்தையும் வாட் அளவையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். பிறகு எது நல்லது, எது கெட்டது என்று சொல்லவே முடியாது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு திரியை மட்டும் மாற்றுங்கள்.

அடிப்படையாக ஒரு காயிலைச் சொல்கிறேன். 28 கேஜ் கான்தல் (சூடேற்றும் கலப்புலோகம்) கம்பியை 2.5 மி.மீ. தண்டின் மேல் ஆறு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 1.1 ஓம் வரும். இதற்கு 12 வாட் போதும். சிகரெட்டைப் போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். திரையில் ஓம் காட்டுகிற, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடுகிற பேட்டரிப் பெட்டியை மட்டும் பயன்படுத்துங்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறும் உலோகக் குழாய்ப் பெட்டிகள் சோதனைக்கு உகந்தவை அல்ல.

திரி போடும் முன் காயிலைத் தனியாகச் சோதித்துவிட வேண்டும். குறைந்த வாட்டில் தட்டித் தட்டிப் பாருங்கள். சிவப்பு நடுச் சுற்றில் தோன்றி இரு பக்கமும் பரவினால் காயில் சரி. ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு ஒளிர்ந்தால், ஆறவிட்டுப் பீங்கான் நுனி இடுக்கியால் சுற்றுகளை மெல்ல வருடி நெருக்கி மறுபடியும் பாருங்கள். கான்தல் சூட்டில் ஓம் அளவை அதிகம் மாற்றாது. ஆகவே திரையில் எண் தாவினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். நிக்கல், டைட்டானியம் கம்பிகளை மட்டும் இப்படிச் சிவக்கவிடக் கூடாது.

திரி போட்ட பிறகு நான்கு சோதனைகள். முதலாவது, மூடாமலே திரியைத் திரவத்தால் முழுக்க நனைத்துவிட்டு ஒரு முறை சூடாக்குவது. ஆவி காயிலின் நீளம் முழுதும் சமமாக எழ வேண்டும்; ஒரு மூலையிலிருந்து மட்டும் எழுந்தால் திரி அங்கே காயிலைத் தொடவில்லை.

இரண்டாவது தொடர் இழுப்புச் சோதனை. டாங்க்கை நிரப்பிப் பத்து நிமிடம் நிற்கவிட்டு, வழக்கமான இடைவெளியில் தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். இழுப்புக்கு இழுப்பு கண்ணாடிக்குள் குமிழிகள் மேலே எழ வேண்டும். குமிழி நின்று, சுவையும் மெலிந்தால் வறட்சி நெருங்குகிறது. கருகும் வரை காத்திருக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். பெரும்பாலும் திரியின் வால் பருமனாக இருப்பதுதான் காரணம்.

மூன்றாவது ஒழுகல் சோதனை. காற்றுத் துளைக்கு அடியில் டிஷ்யூ காகிதத்தை விரித்து இரவு முழுவதும் நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் படுக்கவைத்துப் பாருங்கள். காகிதத்தில் ஈர வட்டம் விழுந்தால் வால் குட்டையாகவோ மெலிந்தோ இருக்கிறது. கேஃபன் போல அடியிலிருந்து காற்று வாங்கும் டாங்க்குகளுக்கு இது கடுமையான தேர்வு. சூஸ் போல மேலிருந்து காற்று வாங்குபவை ஏறக்குறைய எப்போதும் தேறிவிடும். அதனாலேயே அவற்றில் திரி அதிகமாகத் திணித்திருப்பதும் வெளியே தெரிவதில்லை. அவற்றுக்குத் தொடர் இழுப்புச் சோதனைதான் முக்கியம்.

நான்காவது, இரண்டொரு டாங்க் தீர்ந்தபின் திறந்து திரியைப் பார்ப்பது. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் அதிகம் கற்றுத்தருவது இதுதான். காயில் இருந்த இடம் முழுதும் ஒரே சீரான இளம் பழுப்பு என்றால் திரவத்திலிருந்த இனிப்பூட்டி, கவலை இல்லை. மெல்லிய கறுப்புக் கோடு ஒரே இடத்தில் என்றால் அந்தச் சுற்றுக்கு மட்டும் சூடு அதிகம். நடுவில் மட்டும் கருகி இரு பக்கமும் வெள்ளையாக இருந்தால் திரவம் நடுவை எட்டவே இல்லை. திரி காயிலுக்குள் இறுகிவிட்டது.

சோதனைகளுக்கு நிகோட்டின் இல்லாத திரவம் போதும். நிகோட்டின் கலந்ததைக் கையாண்டால் கையைக் கழுவிவிடுங்கள். சோதனைக் காகிதங்கள் குழந்தைகள் கைக்கு எட்டாத குப்பைத் தொட்டிக்குப் போகட்டும்.

## பஞ்சுத் துண்டு

முகம் துடைக்க விற்கும் சதுரப் பஞ்சுத் துண்டுகளில் வெளுக்காத வகையை வாங்க வேண்டும். ஜப்பானின் மூஜி விற்கும் துண்டுகள் இந்த வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்குபவை. மருந்துக் கடை உருண்டைப் பஞ்சும் வேலை செய்யும், ஆனால் வெளுப்பின் வாடை முதல் டாங்க்குகளில் தெரியும். செடியிலிருந்து பறித்த பஞ்சை அப்படியே பயன்படுத்த முடியாது. அதன்மேல் இயற்கையான மெழுகு இருப்பதால் திரவத்தை வாங்காது.

துண்டை இரு திசையிலும் மெல்லக் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் இலகுவாகக் கிழியும். இழைகள் ஓடும் திசை அதுதான். இழைகள் நீளவாக்கில் வரும்படி சுமார் 8 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். மேலும் கீழும் இருக்கும் இறுகிய தோலை உரித்துவிட்டு, ஒரு நுனியை மட்டும் முறுக்கிக் காயிலுக்குள் செலுத்துங்கள். இழுக்கும்போது லேசான தடை இருக்க வேண்டும்; காயில் கூடவே வளைந்து வந்தால் பஞ்சு அதிகம், சறுக்கிக்கொண்டு ஓடினால் குறைவு. பஞ்சு நனைந்தால் உப்பும் என்பதால் கொஞ்சம் குறைவாக இருப்பதே நல்லது. குத்துவிளக்கில் இறுக்கி முறுக்கிய திரியில் எண்ணெய் ஏறாமல் சுடர் சுருங்கிவிடுவதைப் போலத்தான் இதுவும்.

இனி வால்கள். காயில் உட்காரும் தளமான டெக்கின் விளிம்பு வரை நீளம் விட்டுச் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். பிறகு தையல் ஊசியால் நுனியைக் கோதுங்கள். உதிரும் பஞ்சை எடுத்துப் போட்டுவிடுங்கள். கோதக் கோத வால் மேகம்போல விரிந்து நிற்கும். ஒரு துளித் திரவம் விட்டால் படிந்து, வாய்க்காலின் வாயை மூடும் அளவுக்கு மட்டும் அமரும். வாய்க்காலுக்குள் திணிக்காதீர்கள், உட்காரவையுங்கள். வறட்சி, ஒழுகல் என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் தீரும். திரவத்தில் கிளிசரின் அதிகமென்றால் வாலை இன்னும் மெலியக் கோதுங்கள்.

பஞ்சின் பலம், அது முன்னறிவிப்புக் கொடுக்கிறது. முதலில் சுவை மெலியும், அப்புறம் காய்ந்த வாடை, அப்புறம்தான் கருகல். ஈரத்தில் பஞ்சு இழை இன்னும் உறுதியாவதால் திறந்து திரும்ப நுழைத்தாலும் பிய்யாது. மறைந்திருக்கும் செலவு நேரம்தான். உரிப்பது, வெட்டுவது, அகலம் பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பஞ்சு வராது. முதல் டாங்க்கில் பச்சைப் பஞ்சின் சுவையும் கொஞ்சம் இருக்கும்.

## நுனி கட்டிய ஆயத்தப் பஞ்சு

வேப்பிங்குக்கென்றே சுத்தப்படுத்தி விற்கும் பஞ்சுக் கயிறுகள் இவை. ஷூ லேஸ் நுனியைப் போலப் பிளாஸ்டிக் முனை இருக்கும். முனையைக் காயிலுக்குள் நுழைத்து மறுபுறம் இழுத்துவிட்டு வெட்டினால் வேலை முடிந்தது. பஞ்சு ஒரே அடர்த்தியில் வருவதால், கை நடுங்குபவர்களுக்கும் கண்பார்வை மங்கியவர்களுக்கும் இது பெரிய உதவி. சுவையும் முதல் இழுப்பிலிருந்தே தெளிவாக இருக்கும்.

ஆனால் கயிற்றின் பருமன் பெரும்பாலும் 3 மி.மீ. காயிலை மனதில் வைத்தது. 2.5 மி.மீ. காயிலுக்குள் அதை வலிந்து இழுத்தால் காயில் கோணும், திரவம் நடுவை எட்டாது. அப்போது இழைகளைக் கொஞ்சம் உருவி எடுக்க வேண்டியிருக்கும். உருவத் தொடங்கிவிட்டால் ஆயத்தப் பஞ்சுக்குக் கொடுத்த கூடுதல் விலைக்கு அர்த்தம் குறைந்துவிடுகிறது. ஒரு கயிற்றில் வெட்டி எறியும் பகுதியும் அதிகம். முனை கட்டாத உதிரிப் பட்டைகளாக வரும் "காட்டன் பேக்கன்" போன்ற வகைகளில் இந்தப் பிரச்சினை இல்லை. அவை பஞ்சுத் துண்டுக்கும் இதற்கும் நடுவில் நிற்கின்றன. கிராம் கணக்கில் துண்டைவிட விலை கூடுதல், உரிக்கும் வேலை மிச்சம்.

வாலைக் கோதும் வேலை இதிலும் உங்களுடையதுதான். "ஆயத்தம்" என்று எழுதியிருப்பதை நம்பி அதை விட்டுவிடுபவர்களின் டாங்க்குகள்தான் நான்காவது இழுப்பில் கருகுகின்றன.

## ரேயான்

மரக்கூழிலிருந்து மறுபடியும் இழையாக்கப்பட்ட செல்லுலோஸ்தான் ரேயான். முடிதிருத்தும் நிலையங்களில் தலைமுடிக்குச் சுருள் ரசாயனம் போடும்போது நெற்றியைச் சுற்றி வைக்கும் "செல்லுகாட்டன்" சுருளாக விற்றதை வேப்பிங் செய்பவர்கள் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெட்டி வாங்கினால் பல ஆண்டுகளுக்குத் தீராது.

திரவம் ஏறும் வேகத்தில் பஞ்சைவிட ரேயான் முன்னால் நிற்கிறது என்பது என் கணிப்பு. கெட்டியான திரவத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பச்சைச் சுவை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பஞ்சில் பழகிய கையை இது ஏமாற்றும். ரேயான் நனைந்தால் பஞ்சு போல உப்பிக் காயிலை நிரப்பாது. ஆகவே காயிலுக்குள் பஞ்சைவிட இறுக்கமாகப் போட வேண்டும். பஞ்சுக்குச் சரியான அளவில் ரேயானைப் போட்டால் இழைகள் நடுவில் தளர்ந்து, காயிலைத் தொடாத இடம் விழும், அங்கே கருகும். இன்னொன்று, ஈரத்தில் ரேயான் வலு இழக்கும். ஒருமுறை நனைந்த திரியைச் சரிசெய்ய இழுத்தால் கையோடு வந்துவிடும். பஞ்சில் செய்வதுபோல் "இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போம்" என்பதெல்லாம் இதில் நடக்காது. பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

கருகும்போது இதுவும் செல்லுலோஸ்தான். பஞ்சைவிடப் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரவம் ஏறும் வேகத்தால் கருகும் தருணம் தள்ளிப்போகிறது, அவ்வளவே. பஞ்சில் கை பழகி, அளவு புரிந்த பிறகு ரேயானுக்குப் போகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. முதல் திரியாக இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

## சிலிக்கா கயிறு

தொடக்க காலக் காயில்களில் இருந்தது இதுதான். இழைக் கண்ணாடி வகை, 2 அல்லது 3 மி.மீ. கயிறாக வரும். சூட்டைத் தாங்கும் திறனில் இதை எதுவும் நெருங்க முடியாது. கருகும் பேச்சே இல்லை. திரியை எடுக்காமலே காயிலைச் சிவக்கவைத்துப் படிந்த கசடை எரித்துவிடலாம். ஆனால் திரவம் ஏறுவது மெதுவாக. 12 வாட்டுக்கு மேல், கெட்டியான திரவத்தில், இது பின்தங்கிவிடும். திரி கருகாவிட்டாலும், வறண்ட கம்பியில் திரவம் சிதைவது நிற்காது; ஆகவே கருகல் வாடை வராததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு இதில் இருக்கும் உண்மையான தயக்கம் வேறு. வெட்டிய நுனியில் இழைகள் நொறுங்கி உதிர்வதைப் பார்க்கலாம். நுரையீரலுக்கு நேரே காற்று போகும் பாதையில் உதிரும் கண்ணாடி இழையை வைப்பதற்கு, பஞ்சு இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் இன்றைக்கு, ஒரு காரணமும் இல்லை. இதைப் பட்டியலில் வைத்திருப்பது, பழைய டாங்க்கோடு கிடைத்த கயிற்றைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்காக மட்டும். வேண்டாம்.

## எஃகு வலை

மெல்லிய எஃகு வலையைச் சுருட்டிக் குழாயாக்கி, அதன் நுண்துளைகள் வழியே திரவத்தை ஏற்றும் முறை. அங்குலத்துக்கு 400 அல்லது 500 கண்ணிகள் உள்ள 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வலை வேண்டும். திரியும் உலோகம், காயிலும் உலோகம் என்பதால் இரண்டும் நேரடியாகத் தொட்டால் ஷார்ட் ஆகும். அதைத் தவிர்க்க வலையைத் தீச்சுடரில் பலமுறை காய்ச்சி, மேற்பரப்பில் ஆக்சைடு படலம் படியவைக்க வேண்டும். அந்தப் படலம் ஓர் இடத்தில் உரிந்தாலும் அங்கே சூட்டுப் புள்ளி.

சரியாக அமைந்துவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும், கழுவி மறுபடியும் போடலாம், சுவையும் சுத்தம். ஆனால் டாங்க் கீழே, காயில் மேலே, வலைக்குழாய் கீழே தொங்கும் "ஜெனிசிஸ்" அமைப்புக்காக உருவான முறை இது. இன்று கடையில் கிடைக்கும் டாங்க்குகளில் வால் வாய்க்காலை மூட வேண்டும். வலை அங்கே மடங்கி உட்காராது. பழைய ஜெனிசிஸ் டாங்க் வைத்திருந்து, காய்ச்சும் வேலையில் பொறுமையும் விருப்பமும் உள்ளவர்களுக்கு மட்டுமே இது. வலைக் காயில் என்று இப்போது விற்பது வேறு பொருள். அங்கே வலைதான் சூடேறும் கம்பி. திரி வழக்கமான பஞ்சுதான்.

சணல் வகை இழைகளும் மூங்கில் இழைகளும் கிடைக்கின்றன. முதல் டாங்க்குகளில் வைக்கோல் வாடை தூக்கலாக இருக்கும். பஞ்சைவிட்டு இவற்றுக்குப் போக வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

## பக்கத்தில் பக்கமாக

| | பஞ்சுத் துண்டு | ஆயத்தப் பஞ்சு | ரேயான் | சிலிக்கா | எஃகு வலை |
|---|---|---|---|---|---|
| கைத் தவறைப் பொறுப்பது | நன்றாக | மிக நன்றாக, 3 மி.மீ. காயிலில் | குறைவு | நடுத்தரம் | இல்லவே இல்லை |
| திரவம் ஏறும் வேகம் | நல்லது | நல்லது | மிக நல்லது | மெதுவு | நல்லது, அமைப்பைப் பொறுத்து |
| வறண்டால் | எச்சரித்துவிட்டுக் கருகும் | எச்சரித்துவிட்டுக் கருகும் | தாமதமாக, ஆனால் சட்டென்று கருகும் | திரி கருகாது, திரவம் சிதையும் | திரி கருகாது, திரவம் சிதையும் |
| முதல் டாங்க் சுவை | லேசான பச்சை வாடை | தெளிவு | தெளிவு | மந்தம் | தெளிவு |
| பொருள் விலை | மிகக் குறைவு | அதிகம் | மிகக் குறைவு | குறைவு | முதலில் அதிகம், பிறகு இல்லை |
| மறைந்த செலவு | வெட்டி உரிக்கும் நேரம் | வெட்டி எறியும் மிச்சம் | பிய்ந்தால் முழுவதும் வீண் | உதிரும் இழை | காய்ச்சும் உழைப்பு, ஷார்ட் |

## யாருக்கு எது?

இந்த வாரம்தான் முதல் டாங்க் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், 3 மி.மீ. காயிலும் நுனி கட்டிய ஆயத்தப் பஞ்சும். காசு கொஞ்சம் கூடப் போனாலும், தவறு எங்கே என்று தேடும்போது திரியின் அடர்த்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்கள் கவனம் முழுவதும் வாலின் மேல் இருக்கலாம். அந்தப் பொட்டலம் தீர்வதற்குள் சரியான இறுக்கம் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் பஞ்சுத் துண்டுக்கு இறங்கிவிடலாம்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு, பெரும்பாலோருக்கு, பஞ்சுத் துண்டு. நான் பயன்படுத்துவதும் இதுதான். இனிப்பான திரவம் பிடித்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகள் எந்தத் திரியையும் சில நாள்களில் கறுப்பாக்கிவிடும். அடிக்கடி மாற்ற வேண்டிய ஒன்றுக்கு மலிவான பொருளே நல்லது.

கிளிசரின் 70 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள திரவத்தை அதிக வாட்டில் இழுப்பவர், பஞ்சின் வாலை எவ்வளவு மெலிய வைத்தாலும் தொடர் இழுப்புச் சோதனையில் தேறவில்லை என்றால், அப்போது ரேயான். அதற்கு முன் வாட்டைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே பிரச்சினை தீரும்.

கருகலுக்கு அஞ்சிச் சிலிக்காவையோ வலையையோ நினைப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. திரியை விட்டுவிட்டுக் கம்பியை மாற்றுங்கள். 316 ரக எஃகுக் கம்பியில் காயில் சுற்றி, வெப்பக் கட்டுப்பாடு உள்ள பேட்டரிப் பெட்டியில் போட்டால், கம்பியின் ஓம் மாற்றத்தை வைத்தே பெட்டி வெப்பத்தைக் கணக்கிட்டு மின்சாரத்தைக் குறைத்துவிடும். கான்தலில் இது நடக்காது. அளவு சரியா என்று பார்க்க, நனைக்காத ஒரு துணுக்குப் பஞ்சைக் காயிலில் வைத்து 210 டிகிரியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பஞ்சு பழுப்பேறத் தொடங்கும் இடத்துக்குக் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். பஞ்சின் ஒரே பெரிய பலவீனத்தை இது ஏறக்குறைய நீக்கிவிடுகிறது.

திரி கட்டுவதே வேண்டாம் என்ற முடிவும் ஒரு நியாயமான முடிவுதான். தொழிற்சாலைக் காயில் ஒன்று இரண்டு, மூன்று பவுண்டு ஆகலாம். திரியாகப் போடும் பஞ்சோ சில பென்ஸ்தான். ஆனால் பேட்டரிப் பெட்டி, டாங்க், கம்பி, இடுக்கி என்று முதலில் போடும் காசு திரும்பி வரச் சில மாதங்கள் பிடிக்கும். நாளுக்குச் சில இழுப்புகள் மட்டும் இழுப்பவருக்கும், நிகோட்டின் அளவை மாதாமாதம் இறக்கி முழுவதுமாக விட்டுவிடும் பாதையில் இருப்பவருக்கும் அந்தக் காசு திரும்பவே வராது. அவர்கள் காயிலை மட்டும் மாற்றும் எளிய கருவியோடு நின்றுகொள்வது நல்லது. கடையில் "இதுதான் மலிவு" என்று நாமே கட்டும் டாங்க்கை முன்னால் நீட்டினாலும், விட்டுவிட இன்னும் எத்தனை மாதம் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.